காஷ்மீர் டூர் ரத்தானால் ஈசிஆர் டிக்கெட் குறையுமா?

கேள்வி, வியாசர்பாடியிலிருந்து
2025 மே 3, காலை 10.40

பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு எங்கள் ஆபீஸில் மட்டும் மூன்று குடும்பம் காஷ்மீர் டூரை ரத்து செய்துவிட்டது. எல்லாருமே பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். அப்படியென்றால் தீம் பார்க்கிலும் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் ஆஃபர் விடுவார்கள் என்பது என் கணக்கு. இரண்டு பிள்ளைகளும் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பார்க்குக்குப் போகணும் என்று நச்சரிக்கிறார்கள். இப்போதே போகலாமா, ஆஃபர் வரும்வரை பொறுக்கலாமா?

மே 3, இரவு 9.15

பொறுக்க வேண்டாம் அண்ணா. இந்த மே மாதம் ஆஃபர் வராது.

காஷ்மீருக்குப் போகவேண்டியவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிட மாட்டார்கள். லீவு போட்டாயிற்று, பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று. அந்தக் காசில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் எங்கேயாவது போவார்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு இந்த ஏப்ரலிலிருந்து வண்டிக் கட்டுப்பாடு வேறு. ஊட்டிக்கு வாரநாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இ-பாஸ் கிடைக்காத ஆட்களும் இந்தப் பக்கம்தான் திரும்புவார்கள். தூரப் பயணம் படுத்தால் பக்கத்துப் பார்க்குக்கு லாபம்.

நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். புதுமனைக்குப்பத்தில் எங்கள் தெருப் பெண்கள் 2012இலிருந்து டூர் சீட்டு போடுகிறோம். தொடங்கும்போது வாரம் 10 ரூபாய், இப்போது 30. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. எந்த வருஷம் எங்கே போனோம், என்ன கொடுத்தோம், எதில் ஏமாந்தோம் என்று எல்லாமே எழுதியிருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

மே 4, காலை 6.50

ராத்திரி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆஃபர் வந்த வருஷம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேற்று எழுதியது பாதிதான்.

2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் செல்லாது என்றார்கள். எங்கள் சீட்டுப் பணம் 27,000 சொச்சம், அதில் முக்கால்வாசி 500 ரூபாய்த் தாள். தண்டையார்பேட்டையில் பாங்க் வாசலில் நான்கு நாள் மாறி மாறி நின்றோம். மாற்றி முடிப்பதற்குள் டிசம்பர் 12 வர்தா புயல். போட்டுகள் அடிபட்டு ரிப்பேரில் நின்றன. டூர் வேண்டாம், பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிடு என்று சிலர் சொன்னார்கள். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டு, போயே தீருவது என்று 2017 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். வாசலில் பேனர்: ஒரு டிக்கெட் வாங்கினால் ஒரு டிக்கெட் இலவசம். எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உள்ளே போனால் பார்க் காலியாகக் கிடந்தது. பெரிய ரைடு நான்கில் இரண்டில் "பராமரிப்புப் பணி" என்று போர்டு. என் மாமியாருக்கு ராட்டினம் என்றால் உயிர். குதிரை ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆபரேட்டர் பையன், "எட்டுப் பேர் சேரட்டும் ஆயா" என்றான். ஒரு வெள்ளைக் குதிரையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இருபது நிமிஷத்துக்கு மேல் அப்படியே இருந்தார். கடைசியில் நாங்கள் தண்ணீரிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்து ஏறி எட்டுப் பேரை நிரப்பினோம். வேவ் பூலில் அலைக்கு முன்னால் சைரன் ஊதுவார்களே, அது நாள் முழுக்க இரண்டே தடவைதான் ஊதியது. சாப்பாட்டுக் கடையில் தயிர் சாதம் மட்டும்.

பாதி விலை கொடுத்தோம். கிடைத்ததும் பாதிதான். வீடு திரும்பும்போது வேனில் யாரும் பாட்டுப் பாடவில்லை. ஆஃபர் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வெள்ளைக் குதிரைதான்.

மே 8, இரவு 10.05

"கூட்டமே இல்லாவிட்டாலும் செலவு குறைந்துவிடுமே, பார்க்குக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டிருந்தார்கள்.

செலவு குறையாது. வேவ் பூல் மோட்டார், வடிகட்டி, குளோரின், லைஃப்கார்டு சம்பளம், கரண்ட் பில் எல்லாமே 200 பேர் வந்தாலும் 2,000 பேர் வந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்கள் ஐஸ் கம்பெனியும் இப்படித்தான். போட்டு கடலுக்குப் போகிறதோ இல்லையோ, கம்ப்ரஸர் ஓடினால் பில் வரும். கூடுதலாக வரும் ஓர் ஆளால் பார்க்குக்குப் பெரிய செலவில்லை, அவர் கொடுப்பது ஏறக்குறைய முழுசும் வரவு. அதனால்தான் மந்த காலத்தில் ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று விடுகிறார்கள். டிக்கெட்டில் விட்டதை உள்ளே சாப்பாடு, லாக்கர், நீச்சல் உடுப்பு வாடகை, போட்டோ என்று திரும்ப எடுக்கலாம் என்பது எண்ணம்.

இதில் வெளியூர்க்காரர் ஒரு மாதிரி, உள்ளூர்க்காரர் ஒரு மாதிரி. வெளியூரிலிருந்து வந்தவர் ஒரு தடவைதான் வருகிறோம் என்று தாராளமாகச் செலவழிப்பார். நாங்கள் ஒரு ஐஸ்கிரீமுக்கு நான்கு ஸ்பூன் கேட்போம். அதனால் நல்ல காலத்தில் எங்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள். காலம் கெட்டால்தான் உள்ளூர்க்காரர் நினைவு வரும்.

மே 10, பிற்பகல் 2.30

பாகிஸ்தானோடு சண்டை என்பதால் வடக்கே 32 விமான நிலையங்களை மூடியிருக்கிறார்கள். டூர் ரத்து என்பது இப்போது காஷ்மீரோடு நிற்கவில்லை. வீட்டில் எல்லாரும் டிவி முன்னால்தான். யாரும் ஈசிஆர் பேச்சே எடுக்கவில்லை. நானும் இன்றைக்கு இதற்கு மேல் எழுதவில்லை.

மே 13, இரவு 8.40

சண்டை நின்றதே பெரிய நிம்மதி. இனி விட்ட இடத்திலிருந்து.

"டிக்கெட் விலையையே குறைத்துவிட்டால் என்ன, எதற்கு இந்த ஆஃபர் விளையாட்டு?" என்று ஒருவர். நல்ல கேள்வி. போர்டில் எழுதிய விலையைக் குறைத்துவிட்டால் மறுபடி ஏற்றுவது பாடு. ஆஃபரை மட்டும் என்றைக்கு வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அமெரிக்காவில் 2009இல் பொருளாதாரம் படுத்திருந்தபோது டிஸ்னி செய்ததைப் பாருங்கள். ஏழு ராத்திரி தங்கினால் நான்கு ராத்திரிக்குக் காசு கொடுத்தால் போதும் என்றார்கள். பிறந்தநாளன்று வந்தால் நுழைவு இலவசம் என்றார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ஃபுளோரிடாவில் ஒருநாள் டிக்கெட்டை 75 டாலரிலிருந்து 79 ஆக ஏற்றினார்கள். ரூமில் விட்டார்கள், கேட்டில் விடவில்லை. கூட்டம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் வந்தவர்கள் செலவழித்தது குறைந்தது. அந்த 2009 ஜூனில்தான் கடன் தாங்காமல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற பார்க் கம்பெனி திவால் மனு போட்டது.

போர்டு விலையையே குறைத்தவர்களும் உண்டு. பாரிஸ் பக்கத்தில் டிஸ்னி பார்க் 1992 ஏப்ரலில் திறந்தது. ஐரோப்பாவில் அப்போது மந்தம். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, கடன் ஏறியது. 1995இல் பெரியவர் டிக்கெட்டை 250 ஃபிராங்கிலிருந்து 195க்கு இறக்கினார்கள். அந்த வருஷம்தான் முதன்முதலாக லாபம் பார்த்தார்கள். விலையைக் குறைத்ததால் மட்டுமே என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் அதே கோடையில் ஸ்பேஸ் மவுண்டன் என்று புது ரைடும் திறந்தார்கள். ஆனாலும் வண்டியைத் திருப்பியதில் அந்த 55 ஃபிராங்குக்கும் பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன்.

மே 13, இரவு 11.20

தூக்கம் வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா பெண் சொன்னது ஞாபகம் வந்தது. கொரோனாவில் வெளிநாட்டுக்காரர் வரத்து நின்றதும், 2020 டிசம்பரிலிருந்து அங்கே அரசாங்கமே 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் 100 வெள்ளி வவுச்சர் கொடுத்தது. உள்ளூர் ஹோட்டல், சுற்றுலா, பார்க் எதிலும் செலவழிக்கலாம். இவள் பிறந்து வளர்ந்தது அங்கேதான், யுனிவர்சல் ஸ்டூடியோவுக்குப் போனது மட்டும் அப்போதுதான் முதல்முறை. "டிக்கெட் விலையைப் பார்த்துப் பார்த்தே பத்து வருஷம் போயிடுச்சு அக்கா" என்றாள். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் 2021 ஏப்ரல் 30ஆம் தேதி திரும்பத் திறந்தபோது முதல் சில வாரம் அந்த மாநிலத்துக்காரர்களைத்தான் உள்ளே விட்டார்கள்.

மே 18, காலை 7.30

நான் எழுதியதில் ஒரு தப்பைத் திருத்த வேண்டும்.

என் அக்கா மகன் ஈசிஆர் பக்கம் ஒரு பார்க்கில் லைஃப்கார்டு. நேற்று வீட்டுக்கு வந்திருந்தான். சனி ஞாயிறு நிற்க இடமில்லையாம். செவ்வாய், புதன் குளத்தில் தலையை எண்ணிவிடலாமாம். வெளி மாநில பஸ்கள், கம்பெனி அவுட்டிங், காலேஜ் டூர் எல்லாம் வழக்கமாக வாரநாளில் வருபவை. அவைதான் இந்தத் தடவை கழன்றுகொண்டன. டூர் ரத்தான குடும்பங்கள் வந்தார்கள் என்றாலும் எல்லாரும் ஒரே இரண்டு நாளில் குவிந்தார்கள். "பக்கத்துப் பார்க்குக்கு லாபம்" என்று நான் அடித்துச் சொன்னது சரியில்லை. வார இறுதியில் லாபம், வாரநாளில் நஷ்டம்.

ஆஃபரும் வந்திருக்கிறது. எப்படி என்றால், குறிப்பிட்ட ஒரு கிரெடிட் கார்டில் ஆன்லைனில் எடுத்தால், வாரநாளில் மட்டும். எங்கள் தெருவில் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை.

மே 18, இரவு 9.50

வியாசர்பாடி அண்ணா நேற்றுத்தான் போய்வந்தாராம். முழு டிக்கெட், பையன் ஆசைப்பட்ட ரைடுக்கு முக்கால் மணி நேரம் வரிசை, பக்கத்தில் போகும்போது நேரம் முடிந்துவிட்டது. படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. பொறுக்க வேண்டாம் என்றேன், வாரநாளில் போங்கள் என்று சொல்லவில்லை. அது என் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள். பையனை ஒருநாள் அதில் ஏற்றிவிட வேண்டும்.

மே 19, காலை 6.15

தீவுத்திடலைப் பற்றி யாருமே பேசவில்லையே? பொருட்காட்சியில் நுழைவுக்குக் கொஞ்சம், அப்புறம் ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் காசு. என் மாமியார் மாதிரி ஒரே ஒரு ராட்டினம் ஏறுகிறவர்களுக்கு அதுதான் நியாயமான விலை. பார்க்கில் ஒரே டிக்கெட்டில் எல்லாம் அடக்கம். ஏறாதவரும் கட்டுகிறார்.

ஜூன் 1, பிற்பகல் 3.10

பத்து நாளாக எழுதவில்லை. எங்களுக்கு இது தடைக்காலம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐஸ் கம்பெனியில் பாதிச் சம்பளம். அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். ஊரெல்லாம் கோடை லீவில் சுற்றுகிற அதே இரண்டு மாதம்தான் எங்கள் கையில் காசில்லாத இரண்டு மாதம். பார்க்கில் சீசன் ரேட் ஏறுவதும் அப்போதுதான். பயண மந்தம் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். எங்கள் தெருவில் அது ஒவ்வொரு வருஷமும் தேதி போட்டு வருகிறது.

ஒரு தடவை போய்வர என்ன ஆகும் என்று கணக்கு கேட்டீர்கள். 2024 அக்டோபர் 2ஆம் தேதி போனதை நோட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன். அன்றைக்குக் காந்தி ஜெயந்தி, மகாளய அமாவாசையும் கூட. மீன் விற்காத நாள், அதனால்தான் கிளம்ப முடிந்தது. பெரியவர் 14, பிள்ளைகள் 8.

டிக்கெட், குரூப் ரேட்டில்: 13,100
வேன், டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங்: 9,450
உள்ளே சாப்பாடு, தண்ணீர்: 5,200
லாக்கர், உடுப்பு வாடகை: 2,100
மொத்தம்: 29,850. ஆளுக்கு ஏறக்குறைய 1,357.

டிக்கெட் பாதிகூட இல்லை. அதில் பத்து சதவீதம் தள்ளுபடி என்றால் ஆளுக்கு 60 ரூபாய். அறுபது ரூபாய்க்காக டூருக்கு வராதவர் யாரும் வந்துவிடப் போவதில்லை. வேனுக்கு மட்டும் ஆளுக்கு 430 ஆனது. காசிமேட்டிலிருந்து பாரிமுனை, கடற்கரைச் சாலை, அடையாறு, திருவான்மியூர் தாண்டிப் போனால்தான் ஈசிஆரே ஆரம்பிக்கிறது. பூந்தமல்லி பக்கம் போனாலும் இதே கதைதான். எல்லாப் பார்க்கும் தெற்கிலும் மேற்கிலும். விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது, அதில் ஏறினால் விமான நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஈரத் துணியும் பிள்ளையுமாக எப்படிப் போய் எப்படி வருவது?

1998இல் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தாம்பரம் கிஷ்கிந்தாவுக்குக் கூட்டிப்போனார்கள். பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில், தாம்பரத்தில் இறங்கி ஒரு பஸ். ரயில் சார்ஜ் எத்தனை கொஞ்சம் என்பதுதான் எனக்கு ஞாபகம். அதனால்தான் என் வகுப்பில் ஒருத்திகூட விடுபடவில்லை.

அமெரிக்காவிலும் இதேதான் நடந்திருக்கிறது. 1973 கடைசியில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது ஃபுளோரிடா டிஸ்னி பார்க்கில் கூட்டம் சரிந்தது. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் காரில் வருகிறவர்கள். பெட்ரோல் பங்கில் வரிசை நின்றால் பார்க்கில் வரிசை இருக்காது.

ஆகவே வியாசர்பாடி அண்ணாவின் முதல் கேள்விக்கு இப்போது இப்படிச் சொல்வேன்: டிக்கெட் குறையுமா என்று பார்ப்பதைவிட, வண்டிச் செலவை எப்படிக் குறைப்பது என்று பாருங்கள்.

ஜூன் 15, அதிகாலை 4.40

ராத்திரி போட்டெல்லாம் கிளம்பிவிட்டது. ஐஸ் ஏற்றி முடித்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கை மரத்துப்போயிருக்கிறது. மனசு நிறைந்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் 2ஆம் தேதியே திறந்துவிட்டது.

ஜூன் 22, இரவு 10.15

"வாரநாளில் பாதி விலைக்குக் கிடைத்தால் வாரநாளில் போங்களேன், ஏன் ஞாயிறு?" என்று கேட்கிறார்கள்.

எங்களுக்கு ஞாயிறும் கிடையாது. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய வியாபாரம், விடிகாலை இரண்டு மணிக்கே கூட்டம். மீன் வெட்டுகிற பெண்களுக்கு வாரம் முழுக்க வருவதில் பாதி அன்றைக்கு வந்துவிடும். செவ்வாய், வெள்ளி நாங்கள் சும்மா இருப்போம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். பிள்ளையை விட்டுவிட்டுப் பார்க்குக்கு யார் போவார்கள்?

பார்க்கில் ஆஃபர் போடுகிறவர்கள் மனசில் ஒரு குடும்பம் இருக்கிறது. மாதச் சம்பளம், ஞாயிறு லீவு, கார், கிரெடிட் கார்டு. அந்தக் குடும்பம் எப்படியும் வந்துவிடும். வராமல் இருக்கிற குடும்பத்துக்கு எது தடை என்று வந்து கேட்டால் நாங்கள் சொல்வோம்.

ஆகஸ்ட் 3, இரவு 9.00

ஆடிக் கூழ் ஊற்றினோம். தெருமுனையில் கை ராட்டினம் வந்தது. நான்கு தொட்டி, இரும்புக் கம்பி, ஒருவர் தள்ளுகிறார். அவர் விலை போடுகிற முறையை இன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டமில்லை, ஒரு குழந்தைக்குக் காசு வாங்கிக்கொண்டு இன்னொன்றைச் சும்மா ஏற்றினார். தொட்டி காலியாகச் சுற்றினால் பார்க்கிற பிள்ளைக்கு ஆசை வராதாம். ஏழு மணிக்குக் கூட்டம் சேர்ந்ததும் இலவசம் நின்றது. சுற்றைக் குறைக்கவில்லை, எல்லாருக்கும் அதே பன்னிரண்டு சுற்று, நானும் எண்ணினேன். மீன் வாங்கப் போகாமல் அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அவர் ராட்டினத்தைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவுக்கே வருகிறார். பெரிய பார்க்கை ஏற்றிக்கொண்டு வரமுடியாது, தெரியும். ஒரு பஸ்ஸை அனுப்பலாமே?

ஆகஸ்ட் 24, பிற்பகல் 1.20

திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா என்ற தீம் பார்க்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொச்சியில் 2000, பெங்களூரில் 2005, ஹைதராபாத்தில் 2016, புவனேஸ்வரத்தில் 2024. அப்புறம்தான் நம் ஊர். உள்ளாட்சிக் கேளிக்கை வரியில் விலக்குக் கிடைத்த பிறகே இங்கே வேலை வேகம் பிடித்தது. டிக்கெட்டில் வரி எவ்வளவு என்று நாம் பார்ப்பதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பார்க் டிக்கெட்டுக்கு 28 சதவீதம், 2018 ஜனவரியில் 18 ஆக்கினார்கள். புதுப் பார்க் வந்தால் பழையவர்கள் விலையைக் குறைப்பார்கள் என்று இங்கே நிறையப் பேர் நம்புகிறீர்கள். எனக்கும் ஆசைதான். காசிமேட்டிலிருந்து அது இன்னும் தூரம், அதையும் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 14, இரவு 8.30

முடிவு செய்துவிட்டோம். புரட்டாசியில் மீன் ஓடாது. காலாண்டு லீவு 27ஆம் தேதி தொடங்குகிறது. செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. எங்களுக்கும் வேலையில்லாத நாள், பிள்ளைகளுக்கும் லீவு, பார்க்கிலும் வாரநாள் ரேட். பதிமூன்று வருஷமாக நோட்டு எழுதுகிறேன், இந்த மூன்றும் சேருகிற வாரம் ஒன்று இருப்பது இந்த இழையில் எழுதி எழுதித்தான் கண்ணில் பட்டது.

நான்கு பார்க்குக்குப் போன் பண்ணினேன். ஒன்றில் மார்க்கெட்டிங் பெண் பொறுமையாகக் கேட்டாள். டிக்கெட்டில் நான் ஒன்றும் பேரம் பேசவில்லை. இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, வெளிச் சாப்பாட்டை விடுங்கள், புளிசாதம் கட்டி வருகிறோம். இரண்டாவது, தண்ணீரில் இறங்காத வயதானவர்களுக்கு விலையைத் தனியாகப் போடுங்கள். எங்கள் பெண்கள் புடவையோடு, நைட்டியோடு வருவார்கள். நைலான் உடுப்பு இல்லாமல் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். பருத்தி நூல் வடிகட்டியில் அடைக்கும், அது நியாயம்தான். வாடகை கொடுக்க மனசு வராமல் நாள் முழுக்கக் கரையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்கும் முழு டிக்கெட்.

மேனேஜரைக் கேட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டாள். சாப்பாடு முடியாது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக் காசு மட்டும் போதும். 40 பேருக்கு மேல் வந்தால் உடுப்பு வாடகை கிடையாது. நான் போனிலேயே இரண்டு தடவை நன்றி சொன்னேன்.

நாங்கள் 26 பேர். நாற்பதுக்கு இன்னும் 14 வேண்டும். வேனை விட்டுவிட்டு 50 சீட் பஸ்ஸாக எடுத்தால் வண்டிச் செலவும் இறங்கும். வியாசர்பாடி அண்ணா, உங்கள் பையன் அந்த ரைடில் இன்னும் ஏறவில்லையே. வருகிறீர்களா?

செப்டம்பர் 16, காலை 7.05

வியாசர்பாடியிலிருந்து 22 பேர்! மொத்தம் 48.

செப்டம்பர் 28, இரவு 9.40

கரூரில் நேற்று நடந்ததைக் கேட்டதிலிருந்து கூட்டம் என்றாலே எல்லாருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு அம்மாக்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை, கூட்டமிருக்காது என்று அக்கா மகனைவிட்டே பேசச் சொன்னேன். வருகிறேன் என்றார்கள். பிள்ளைகள் கழுத்தில் பெயர், போன் நம்பர் எழுதிய அட்டை மாட்டப் போகிறோம்.

அக்டோபர் 1, பிற்பகல் 12.15

போய்வந்தோம். பஸ் காலை ஆறரைக்கு எங்கள் தெருவில், ஏழு மணிக்கு வியாசர்பாடியில். கூட்டம் அளவாக இருந்தது. எல்லா ரைடும் ஓடியது, ராட்டினம் நிரம்ப ஆள் இருந்தது, வரிசை பத்து நிமிஷத்துக்கு மேல் எங்கேயும் இல்லை. வியாசர்பாடி அண்ணாவின் பையன் அந்த ரைடில் நான்கு தடவை ஏறினான். நான்காவது தடவை இறங்கி வந்து, "ஆன்ட்டி, மேலே போனா கடல் தெரியுது" என்றான். கடலை மட்டும் தினம் பார்க்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அது புதிதில்லை, இருந்தாலும் அவனோடு ஓடிப்போய் மறுபடி ஏறினார்கள்.

என் மாமியாருக்கு 71 வயது. வாடகை இல்லை என்றதும் ஒரு நீல நைலான் உடுப்பைப் போட்டுக்கொண்டு வேவ் பூலில் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டார். சைரன் ஊதியபோது என் கையை இறுக்கிப் பிடித்தார். இரண்டாவது சைரனுக்கு விட்டுவிட்டார்.

வண்டி, பேட்டா, டோல் எல்லாம் சேர்த்து 15,500. ஆளுக்கு 323. போன வருஷத்தைவிட 107 ரூபாய் குறைவு. எல்லாக் கணக்கும் முடித்து 1,920 ரூபாய் மீதம். பெரியவர் சிறியவர் பார்க்காமல் ஆளுக்கு 40. எங்கள் தெருவில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வியாசர்பாடிக்கு 880 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன், வந்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா. பஸ்ஸில் ஒரு பச்சை டிபன் பாக்ஸ் இருக்கிறது, மூடியில் பூ போட்டது. யாருடையது?

அடுத்த சீட்டு தீபாவளி முடிந்து 27ஆம் தேதி திங்கட்கிழமை தொடங்குகிறது.